குழிக்குள் இருக்கும் மாப்பிள்ளை

ஆகஸ்டு மாதம் பத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. நிலஅதிர்வு ஆய்வு அலுவலகத்துக்குச் சொந்தமான பழைய பதிவுக் கணினி ஒன்றை நான் திருப்பித் தர மறுக்கிறேன் என்றும், ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இது அழகன்று என்றும் அவ்வலுவலகத்தின் இயக்குநர் இன்று காலை தொலைபேசியில் சொன்னார். மறுப்பது உண்மை. அழகைப் பற்றி அவரிடம் பாடம் கேட்கும் நிலையில் நான் இல்லை. அந்தக் கணினியை எடுத்துச் சென்று, அதிலுள்ள அனைத்தையும் அழித்துவிட்டு, வேறொரு மலையடிவாரத்தில் வைக்கப்போகிறார்கள். அதற்குள் என் மனைவியின் நடை இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் இரைச்சல். என் குறை இதுதான். இயக்குநர் சொல்லும் கதை உங்களை வந்தடையும் முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஊரின் கடைக்கோடியில், வெறும் பாறையின்மேல் நிற்கிறது. செடி வைக்கக் குழி தோண்டினாலும் கடப்பாரையில் பொறி பறக்கும். அந்த அலுவலகத்தில் மென்பொருள் எழுதும் என் மகள்தான், அதிர்வைக் கேட்கும் கருவிக்கு எங்கள் வீட்டைவிட நல்ல இடம் கிடையாது என்று சொல்லி ஆட்களை அழைத்து வந்தாள். மாடிப்படியின் கீழுள்ள சாமான் அறையில் பாறையைக் குடைந்து, குடத்தளவு உருளை ஒன்றைக் குழிக்குள் இறக்கினார்கள். பக்கத்தில் ஒரு கணினி. கருவி கேட்பதை எல்லாம் தன்னிடம் எழுதி வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்கும் அனுப்பும். கூடத்தில் சிறு திரை ஒன்றை மாட்டினார்கள். கோடு நடுங்கிக்கொண்டிருந்தால் கருவி நலம். நேராகப் படுத்துவிட்டால் உடனே தெரிவிக்க வேண்டும்.

திருமணப் பேச்சை ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளுகிறவள் என் மகள். ஆட்கள் போனதும் என் மனைவி சாமான் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "ஒருவழியா வீட்டோட மாப்பிள்ளை கொண்டுவந்துட்டா. சோறு கேக்க மாட்டான், சண்டை போட மாட்டான், குழிய விட்டு எந்திரிக்கவும் மாட்டான். இதைவிட நல்ல இடம் எங்க அமையும்?"

அன்றிலிருந்து அக்கருவிக்கு மாப்பிள்ளை என்பதே பெயர். மின்சாரம் தடைப்பட்டால், "உன் ஆபீசுக்குச் சொல்லுடி, மாப்பிள்ளைக்கு மூச்சு நின்னுடுச்சு" என்பாள். அவள் நடந்தால் திரையில் அந்த நடை தெரியும். இடது முழங்கால் தேய்ந்துபோனவள். வலக்கால் அழுத்தமாக விழும், இடக்கால் அதைத் தொட்டும் தொடாமலும் வரும். கோட்டில் ஒன்று உயரம், அடுத்தது குட்டை. நெடிலும் குறிலுமாக மாறி மாறி ஓடும் அந்த வரியைக் கூடத்தில் அமர்ந்தபடியே படித்து, அவள் வீட்டின் எந்த மூலையில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். குழியை நெருங்க நெருங்கக் கோடு பெருக்கும். விலக விலகச் சிறுக்கும்.

சென்ற அக்டோபரில் அவள் இறந்தாள். பாடநூல்களில் மலிந்துவிட்ட பிழைகளைக் கண்டித்து நடந்த கூட்டமொன்றில் பேசுவதற்காகக் காலையிலேயே கிளம்பியிருந்தேன். மகளும் வீட்டில் இல்லை. நண்பகலில் திரும்பியபோது, சாமான் அறை வாசலில், சுவரோரமாக ஒருக்களித்துக் கிடந்தாள். "விழுந்த நிமிஷமே போயிருக்கும் சார். அவங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றார் மருத்துவர். அந்த இரண்டு வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதங்களும் எழுந்தேன், உண்டேன், படுத்தேன்.

இவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஒரு காலை, கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். எவரும் கேட்டுச் செய்வதன்று. கை சும்மா இருப்பதில்லை. மகள் வேலைக்குப் போய்விட்டாள். தலை நிமிர்ந்தபோது திரையில் நடை. நெடில், குறில். நெடில், குறில். சமையலறைப் பக்கமிருந்து கோடு பெருத்துக்கொண்டே வந்து, நின்று, மறுபடியும் சிறுத்துப் போயிற்று.

என் கால்தான் ஆடுகிறதோ என்று இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டேன். நடை ஓயவில்லை. சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. கழுவிக் கவிழ்த்த குவளை கவிழ்த்தபடியே இருந்தது. படியின் கீழுள்ள அறைக்குப் போய், குழியருகே காலை ஓங்கி மிதித்தேன். கூடத்துக்கு ஓடிவந்து திரையைப் பார்த்தேன். என் மிதி அதில் இல்லை. நான் ஓடிவந்த ஓட்டமும் இல்லை. எதையோ எடுத்து எங்கோ வைப்பவள்போல, அவசரமின்றி, அவள் மட்டும் நடந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் இருந்தாள், நான்தான் இல்லை.

பேயை நம்புகிறவன் அல்லன் நான். பேய்க்கதை சொன்ன மாணவர்களைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியவன். ஆயினும், மகளின் அலுவலகத்துக்குப் புறப்பட்டு வாசற்கதவைப் பூட்டும்போது, "போய்ட்டு வரேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டே பூட்டினேன்.

மகளின் அறையில், கருவிகளைப் பொருத்தும் பணியாளரும் இருந்தார். நடுவயதுக்காரர், உயரத்தாலும் மெலிவாலும் அங்கே எல்லாருக்கும் ஒட்டடைக்கொம்பு.

"வாங்க சார். என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"அறையலப்பா. நடக்குது" என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் மகள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ அப்பா... வீட்டுத் திரைய இதுலேருந்து கழட்டிவிட மறந்தே போயிட்டேன்."

பிறகு விளக்கினாள். எல்லா ஊர்க் கருவிகளின் பதிவையும் ஒரே நேரத்தில் வாங்கி, ஒப்பிட்டு, நிலநடுக்கம் எங்கே பிறந்தது என்று தானே கணிக்கும் புதிய மென்பொருளை அவள் நிறுவிக்கொண்டிருந்தாள். உண்மையான பணியில் இறக்குமுன் பழைய பதிவை ஊட்டிச் சோதிக்க வேண்டும். ஆனால் அது நிகழ்காலத்தை மட்டுமே நம்பும். பழைய நேரம் எழுதப்பட்ட பதிவு வந்தால் வாசலிலேயே தள்ளிவிடும். அதனால் சென்ற ஆண்டுப் பதிவின்மேல் இன்றைய நாளையும் நேரத்தையும் எழுதி அனுப்பினாள். அந்த மென்பொருள் வாங்குவதைத்தான் எங்கள் வீட்டுத் திரை அன்று காட்டிக்கொண்டிருந்தது. என் மிதி திரைக்கு வராமல், வழக்கமான பதிவோடு நேரே அலுவலகத்துக்குப் போய்விட்டது.

"அப்ப நான் பாத்தது போன வருஷத்து அம்மாவா?"

"ஆமாப்பா. இன்னிக்குத் தேதி போட்ட அம்மா."

"அதுக்கு நம்ம வீடுதானா கெடைச்சுது உனக்கு?"

"தெரிஞ்ச வீடுப்பா. எந்த அசைவு எதுன்னு பாத்ததும் சொல்லிடுவேன். பக்கத்து வீட்டு மோட்டார், நம்ம கேட்டு, நீங்க கோவத்துல நாற்காலிய இழுக்குறது. இதெல்லாம் நிலநடுக்கம் இல்லன்னு அதுக்குப் புரிய வைக்கணும்ல."

"அம்மாவையுமா?"

"அம்மாவத்தான் முதல்ல. அம்மா நடந்தாலே நிலநடுக்கம்னு எழுதிடுது. அது எழுத எழுத நான் அடிக்கிறேன். அம்மா வந்தா கண்டுக்காதேன்னு தினமும் சொல்லிக் கொடுத்துட்டிருக்கேன்." சிரிக்க முயன்றாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

ஒட்டடைக்கொம்பு தேநீர் வாங்கி வருவதாகச் சொல்லி நாகரிகமாக வெளியேறினார். நான் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: அந்தப் பதிவு முழுவதும் எனக்கு வேண்டும். திரையில் அது ஓடட்டும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அதெல்லாம் வெச்சிருக்க மாட்டாங்கப்பா. நிலநடுக்கம் மட்டுந்தான் வைப்பாங்க. மீதிய அழிச்சுடுவாங்க. இங்க இருக்குற பிரதிய நானே இன்னிக்கு அழிச்சுடறேன். வீட்டுல இருக்குற பழைய பெட்டியையும் மாத்தப்போறோம்."

அழியப்போவதைப் பற்றி இவ்வளவு விரைவாக அவள் பேசியது எனக்கு உறுத்தியது. தாயின் கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்திருப்பவள் அவள்.

"எது வரைக்கும் ஓட்டினே?"

"அம்மா போறதுக்கு முந்தின நாள் வரைக்கும்."

"அடுத்த நாள்?"

"அன்னிக்கு லைன் கட்டாயிருந்துச்சுப்பா. ஒண்ணும் பதிவாகல."

அப்போது தேநீருடன் உள்ளே வந்த ஒட்டடைக்கொம்பு, தமக்குத் தெரிந்ததைத் திருத்திச் சொல்லும் ஆர்வத்தில், "இல்லையே மேடம். உங்க வீட்டு ஸ்டேஷன்ல ஒரு நாள்கூட விட்டுப்போகலையே. அதனாலதானே அதைச் சோதனைக்கு எடுத்தோம்" என்றார். சொல்லிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். குவளைகளை மேசையில் வைத்தார், எவரும் எடுக்கவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"விழுந்த நிமிஷமே போயிட்டாங்கன்னு."

"மாப்பிள்ளை என்ன சொல்றான்?"

மகள் திரையை அணைத்தாள். "வீட்டுக்குப் போங்கப்பா" என்றாள். சிறு வயதில்கூட என்னிடம் அந்தக் குரலில் அவள் கெஞ்சியதில்லை.

வீட்டுக்குப் போனேன். சாமான் அறையிலிருந்த கணினியின் கம்பிகளைப் பிடுங்கி, அதைத் தூக்கிக்கொண்டுபோய் என் சட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் ஒட்டடைக்கொம்பு புதிய பெட்டியைப் பொருத்தி, திரையையும் சரிசெய்தார். பழையதைக் கேட்டபோது தர மறுத்தேன். நீங்களே திறந்து எனக்குச் சொல்லுங்கள் என்றேன். "மேடம் சொல்லாம நான் பாக்க மாட்டேன் சார். மன்னிச்சுடுங்க" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். அந்தக் கோடுகளைத் திறந்து வாசிக்க எனக்குத் தெரியாது. அதன்பின் இயக்குநர் பேசலானார். அரசாங்கச் சொத்து என்றார். விதி என்றார். மனிதர் நடமாட்டம் ஆய்வுக்குப் பயன்படாத இரைச்சல் என்றார். நீங்கள் வீட்டில் நடந்தால் உங்கள் மனைவி அதை எப்படி அழைப்பார் என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மகள் ஒருபோதும் அதைக் கேட்டு வாங்க முயலவில்லை. "குடுத்துடுங்கப்பா" என்று மட்டும் அவ்வப்போது சொல்வாள், வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, இடையில்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, சாமான் அறை வாசலில், சுவரில் சாய்ந்து தரையில் அமர்ந்திருந்தாள். அவள் அங்கே அமர்வதை அதுவரை நான் கண்டதில்லை. நான் கூடத்தில் இருந்தேன். திரையில் சிறு கோடுகள் எழுந்தன. நடையன்று. எல்லாம் ஒரே உயரம். மூன்று எழுந்து நின்றன; இடைவெளி; மறுபடியும் மூன்று; அதைவிட நீண்ட இடைவெளி; பிறகு இரண்டு. எட்டிப் பார்த்தேன். எதிர்ச்சுவரை வெறித்தபடி, வலக்கை விரல்முட்டியால் அவள் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள், தான் தட்டுவதே அறியாமல். நான் பார்ப்பதை உணர்ந்ததும் கை அந்தரத்தில் நின்றது. நெருப்பில் பட்ட கைபோல அதை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அந்தத் தட்டலை அவள் எந்தக் கோட்டில் கற்றாள் என்று நான் கேட்கவில்லை. அவள் எழுந்து விளக்கைப் போட்டாள், சாப்பிட அழைத்தாள், இருவரும் உண்டோம்.

அவளை இனி வற்புறுத்த மாட்டேன். ஒருமுறை படித்ததை உரக்கப் படிக்கச் சொல்வது கொடுமை. அதுவும் பெற்றவளைப் பற்றியது. ஆகவே இதை வாசிக்கும் உங்களிடம் வருகிறேன். வேண்டுகோள் என்று கொள்ளாதீர்கள். கட்டளை என்றே கொள்ளுங்கள். உங்களுள் அதிர்வுக் கோடுகளை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரேனும் இருப்பீர்கள். வாருங்கள். பகலில், என் மகள் வேலைக்குப் போனபின் வாருங்கள். ஆறுதல் சொல்பவர்கள் வர வேண்டா. அவர்கள் நிறையவே வந்து போய்விட்டார்கள். அலமாரியை நான் திறந்து தருகிறேன். அந்த அக்டோபர்க் காலையை எடுத்து, அவள் விழுந்த இடத்திலிருந்து தொடங்கி, கோடு அடங்கும் இடம் வரை எனக்கு வாசித்துச் சொல்லுங்கள். எதையும் விடாதீர்கள், எதையும் சுருக்காதீர்கள். நடுவில் என் கை உயரும். உயர்ந்தாலும் நிறுத்தாதீர்கள்.