கதவில் தொங்கிய ஜோடி

வாருங்கள், வந்து இந்தக் கதவைப் பாருங்கள். அயல்நாட்டாரும் ஓடிப் பழக வரும் மலையூரான இட்டெனில், செம்மண் சாலையோரமாக ஓட்டக்காரிகள் தங்கியிருக்கும் பயிற்சி விடுதியின் இரும்புக் கதவு இது. இதன் உச்சிக் கம்பியில் ஒரு ஜோடிக் காலணி தொங்குகிறது. கோழி திருடியவனின் கழுத்தில் அந்தக் கோழியையே கட்டி ஊர்வலம் விடுவார்களே, அதைப் போலத் தொங்குகிறது. வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் வண்டியை நிறுத்திச் சிரிக்கிறார்கள். பால் கொண்டு வருகிறவள் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாள். அந்தக் காலணி செய்த குற்றம் என்ன? அதன் அடி தடித்திருந்தது; கட்டைவிரல் நீளத்துக்கு நுரை வைத்துச் செய்யப்பட்டிருந்தது. அதை அணிந்தவள் செய்த குற்றம் என்ன? கால் வலிக்கிறது என்று சொன்னாள். இவ்வளவுதான் குற்றப்பத்திரிகை. இதற்குத் தீர்ப்பு எழுதிய வாய் எது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும்.

அந்த வாய் ஜெலகாத்துடையது.

விடுதியின் மூத்த ஓட்டக்காரி அவள். பயிற்சியாளர் கிமாயோவின் சொல்லுக்கு அடுத்த சொல் அவளுடையதுதான். கூடத்துச் சுவரில் அவள் படம் மாட்டியிருக்கிறது. இலை போல் தேய்ந்த அடி கொண்ட காலணியோடு மலைச்சரிவில் பாய்ந்து வரும் படம் அது. வெறுங்காலோடு பள்ளிக்கு ஓடி வளர்ந்த பாதம், மெத்தையை அறியாத பாதம் என்று அந்தப் படத்தைக் காட்டித்தான் கிமாயோ புதியவர்களுக்குப் பாடம் நடத்துவார். பந்தய நாளில் அயல்நாட்டில் எதை வேண்டுமானாலும் அணியுங்கள், பயிற்சியில் மட்டும் மெல்லிய அடிதான் என்பது அவர் வகுத்த சட்டம். சொகுசு பாதத்தைக் கெடுக்கும் என்பது அவர் உறுதியாக நம்பிய வேதம்.

மழைக்காலத்தில் ஓடி முடித்ததும் எல்லாரும் குழாயடியில் உட்கார்ந்து காலணியைத் தேய்த்துக் கழுவி, முள்கம்பி வேலியில் மூக்கை வானுக்கு நிமிர்த்திக் காயவைப்பது இங்கே வழக்கம். தேநீர்க் குவளையோடு கிமாயோ அந்த வரிசையை ஒட்டி நடப்பார். யாருடைய அடி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே அவர் கால்களை அளந்துவிடுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவருடைய நடை ஓர் இடத்தில் நின்றது.

"இது யாரு வீட்டு மெத்தை?"

வரிசையின் கடைசியில் இருந்த செரோப் எழுந்தாள். விடுதிக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட முழுதாகக் காணாதவள். வரும் சனிக்கிழமை நடக்கவிருந்த தேர்வோட்டத்தில் தேறினால் அயல்நாட்டுப் பந்தயத்துக்குப் போகலாம் என்பது ஒன்றே அவள் நினைப்பாக இருந்தது.

"என்னோடது, கோச். முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு வலிக்குது. எல்டோரெட் சந்தையில பழைய ஷூ குவியல்ல தேடி எடுத்தேன். சனிக்கிழமை வரைக்கும் கால் தாங்கினா போதும்னு..."

"எனக்கும்தான் வலிச்சுது. அப்பல்லாம் கால்ல ஷூவே கெடையாது. கல்லு மேலதான் ஓடினேன்."

"கல்லு உங்களப் பாத்துப் பயந்து ஒதுங்கியிருக்கும், கோச்."

பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கிமாயோவின் முகம் கறுத்தது.

"வாயைப் பாத்தியா! ஜெலகாத், நீ சொல்லு. இதைப் போட்டவ ஓட்டக்காரியா?"

ஒரு சொல் போதுமாயிருந்தது. "அவ கால் அவளுக்குத்தான் தெரியும் கோச்" என்று ஜெலகாத் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தக் காலணியைப் பார்த்த கணமே அவளைப் பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அதே வகைக் காலணி ஒன்று அவள் கட்டிலுக்கு அடியில், சோளமாவுப் பையில் சுற்றப்பட்டு, ஈரச் சேற்றோடு கிடந்தது.

பயிற்சிக்கு வந்திருந்த அயல்நாட்டுப் பெண் ஒருத்தி ஊர் திரும்பும்போது கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன ஜோடி அது. விளையாட்டாக ஒருநாள் அதை அணிந்த ஜெலகாத், பின்பு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அடுத்த ஊர்க் கோயிலில் முதல் ஆராதனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சிங்கோரே காட்டுச் சாலையில் அதை மாட்டிக்கொண்டு தனியாக ஓடினாள். வெந்து இறக்கிய களியின் மேல் கால் வைப்பது போலிருக்கும். தரை எங்கோ கீழே இருக்கும். சரிவில் உருண்டைக் கல்லை மிதித்தால் கணுக்கால் ஆடும், அதையும் அவள் அறிவாள். ஆனால் மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது சுவரைப் பிடிக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகளாக அவளுடைய கெண்டைக்கால் அவளோடு போட்டுவந்த சண்டை அந்தத் திங்கட்கிழமைகளில் மட்டும் ஓய்ந்திருந்தது. இதைச் சொல்ல முடியுமா? சொன்னால் சுவரில் தொங்கும் படம் என்னாவது?

பயந்தவளுக்கு நாக்கு நீளும். ஜெலகாத்துக்கும் நீண்டது.

"படுக்கையைக் கால்ல கட்டிக்கிட்டு ஓடினா தூக்கம்தாண்டி வரும், மெடல் வராது. உனக்கு மேடுபள்ளம் ஆகாதுன்னா யாரையாவது கட்டிக்கிட்டு அடுப்படியில நில்லு. அங்க தரை சமமா இருக்கும்."

வேலியோரம் முழுதும் சிரித்தது. கிமாயோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவரே காலணியின் கயிறுகளை முடிச்சிட்டுக் கதவின் உச்சியில் மாட்டினார். செரோப் அழவில்லை. ஜெலகாத்தை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. அது என்னவென்று ஜெலகாத்துக்கு அப்போது விளங்கவில்லை.

வியாழக்கிழமை, வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓடும் கூட்டோட்டம். செரோப் மெல்லிய அடிகொண்ட காலணியில் ஜெலகாத்தின் தோளோடு தோளாக வந்தாள். மூச்சு சீராக இருந்தது. கால் மட்டும் தாளம் தப்பியது. ஒவ்வொரு முறை இடக்கால் தரையைத் தொட்டபோதும் அவள் பல்லைக் கடிப்பது ஜெலகாத்துக்குக் கேட்டது. "மெதுவா வாடி" என்று சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. கற்கள் துருத்திய இறக்கத்தில் காய்ந்த குச்சி முறிவது போல ஓர் ஓசை எழுந்தது. செரோப் சாலையோரப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டாள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பெண்களுக்கு நடுவே அவளை உட்காரவைத்துக் கொண்டு போனார்கள்.

முன்னெலும்பு முறிந்திருந்தது. அது பல வாரங்களாகவே விரிசல் விட்டு வந்த எலும்பு என்றார் மருத்துவர். தடித்த காலணி அதைக் காப்பாற்றியிருக்குமா என்று ஜெலகாத் கேட்டதற்கு, தெரியாது என்றார். ஓய்வு காப்பாற்றியிருக்கும் என்றார். அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக அமைந்திருக்கலாம். அமையவில்லை. வலிக்கிறது என்று வந்தவளுக்கு ஓய்வெடு என்று சொல்லவிருந்த வாய்களை எல்லாம் சிரிக்கவைத்தவள் யார்?

மறுநாள் ஜெலகாத் சுரைக்குடுவையில் புளித்த பாலை எடுத்துக்கொண்டு, ஊர்ச் சந்தைக்குப் பின்னால் செரோப்பின் சித்தி வீட்டுக்குப் போனாள். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள் செரோப்.

"உக்காருக்கா. நாளைக்குத் தேர்வை வச்சிக்கிட்டு நீ எதுக்கு இவ்ளோ தூரம் நடந்தே?"

"அன்னைக்கு நான் பேசினது..."

"விடுக்கா. அடுப்படித் தரை சமமா இருக்கும்னு சொன்னியே, இங்க வந்து பாரு, இந்த வீட்டு அடுப்படிதான் ஊருலயே பெரிய பள்ளம். சித்தி நேத்துகூட வழுக்கி விழுந்தா."

ஜெலகாத்தால் சிரிக்க முடியவில்லை. செரோப் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், பதறாத. ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி மழை வெறிச்சதும் சிங்கோரே பக்கம் மெதுவா ஓடலாம்னு போனேன். எனக்கு முன்னாடியே ஈர மண்ணுல ஷூ தடம் இருந்துச்சு. அகலமான அடி, தேன்கூடு மாதிரி அச்சு. அச்சு அசல் என் ஷூதான். நான் எப்படி எனக்கு முன்னாடியே போனேன்னு பயந்தே போயிட்டேன். அப்புறம் பாத்தா, வலது கால் வெளிய திரும்பியிருந்துச்சு. இந்த ஊருல அப்படிக் கால் வைக்கிறது நீ ஒருத்திதான். தினமும் உன் பின்னாடிதானே ஓடுறேன்."

குடுவை ஜெலகாத்தின் மடியில் சாய்ந்தது. பால் சிந்தியதை அவள் கவனிக்கவில்லை.

"தெரிஞ்சேதான் அன்னைக்கு சும்மா நின்னியா? ஏண்டி சொல்லல?"

"சொன்னா உன்னோடதும் கேட்ல தொங்கும். ஒண்ணு தொங்கினது போதாதா?"

நிலம் பிளந்து விழுங்காதா என்று நினைத்தாள் ஜெலகாத். நிலம் அவ்வளவு இரக்கமுள்ளதல்ல.

"அதை எங்கக்கா காயவைக்கிற?" என்று கேட்டாள் செரோப்.

"காயவைக்கல. கட்டிலுக்கு அடியில..."

"ஐயோ, சேத்தோடயா? நுரை மக்கிப்போயிடும்க்கா. வெயில்ல வை."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். காறி உமிழ்ந்திருந்தாலும் துடைத்துக்கொண்டிருப்பாள். அந்தச் சின்ன அக்கறை அவள் முகத்தில் விழுந்த அறையாக இருந்தது.

விடுதிக்குத் திரும்பியபோது மாலை ஓட்டம் முடிந்து எல்லாரும் குழாயடியில் இருந்தார்கள். ஜெலகாத் நேராகத் தன் அறைக்குப் போனாள். சோளமாவுப் பையை எடுத்து வந்து எல்லாருக்கும் நடுவே கவிழ்த்தாள். நாற்றம் எழுந்தது. தேய்த்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"யாரோடது?" என்றார் கிமாயோ.

"என்னோடது."

"எப்பலேர்ந்து?"

"இந்த மழைக்கு முன்னாடியிருந்து. ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்குப் போனதே இல்ல, கோச். எனக்கும் கால் வலிக்கும். பல வருஷமா வலிக்குது."

யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரிக்கமாட்டார்களா என்று அவள் ஏங்கினாள். சிரித்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். கிமாயோ கூடத்துச் சுவரில் படம் இருந்த திசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குவளையில் மிஞ்சிய தேநீரை மண்ணில் கொட்டிவிட்டு உள்ளே போனார். நாளைய தேர்வில் அவளுக்கு இடம் உண்டா என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் கதவின்மேல் ஏறி, செரோப்பின் ஜோடியை அவிழ்த்து இறக்கினாள். இரண்டு ஜோடிகளையும் கழுவி முள்கம்பியில் அருகருகே மாட்டினாள். மனம் இலேசாகும் என்று எதிர்பார்த்தாள், ஆகவில்லை. எங்கோ சந்தைக்குப் பின்னால் ஒரு கால் மாவுக்கட்டில் கிடக்கையில் அது எப்படி இலேசாகும்?

இதற்குச் சாட்சியாக வந்தவர்களே! பார்த்துவிட்டோம் என்று எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் ஊரிலும் ஓடுகளம் உண்டு, பள்ளி மைதானம் உண்டு. வலிக்கிறது என்று ஒருத்தி அங்கே சொல்வாள். அவளைச் சுற்றி ஒரு சிரிப்புக் கிளம்பும். அந்தச் சிரிப்பை நிறுத்துங்கள். அவள் காலணி எந்தக் கதவில் தொங்கினாலும் ஏறி இறக்குங்கள். அதற்கும் முன்னால் உங்கள் கட்டிலுக்கு அடியில் குனிந்து, அங்கே ஒளித்து வைத்திருப்பதை வெளியே எடுங்கள். அவள் கால் முறிந்த பிறகல்ல, இன்றே எடுங்கள்!