புடலங்காய்க்குப் பதினைந்தடி

"மீதியைச் சாயந்திரம் சொல்லுதேன். இப்ப கிளம்புங்க, பஸ்ஸ விட்டுட்டு நிக்கப் போறீய" என்று ஆக்னஸ் டிபன் கேரியரைக் கணவர் கையில் திணித்தாள்.

பின்வீட்டு ஜுலைகா புதிதாகக் குக்கர் வாங்கியிருந்தாள். ஊரிலிருந்து வந்த அவள் மாமனார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது முதல் விசில் அடித்தது. கதை அந்த இடத்தில் நின்றது. நல்ல கட்டத்தில் நிறுத்துவது ஆக்னஸின் வழக்கம். கிதியோன் சிரித்துக்கொண்டே ஹப்சிகுடா முனையில் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடித்தார். பதினொரு மணிக்கு டிராயிங் ஆபீசுக்குப் போன் வந்தது. நெஞ்சு வலி என்றார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது வலியும் இல்லை, அவளும் இல்லை. அது அறுபத்தாறு மார்ச்.

தொழிற்சாலைத் தமிழர்கள் மாதாமாதம் கையால் எழுதி வீடுவீடாகச் சுற்றுக்கு விட்ட பத்திரிகைக்குச் 'சைரன்' என்று பெயர். அதன் கடைசிப் பக்கம் 'பின்வாசல்'. தெருச் சிரிப்பு, சர்ச் சிரிப்பு, சந்தைச் சிரிப்பு எல்லாம் அதில் வரும். எழுதியது கிதியோன், சரக்கு ஆக்னஸுடையது. கீரைக்காரி முதல் பாஸ்டரம்மா வரை எல்லாரிடமும் பேச்சுக் கொடுத்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவருக்குச் சொல்வாள். இந்த ரகசியம் தமக்கு மட்டும்தான் தெரியும் என்று கிதியோன் நினைத்திருந்தார். ஊருக்கே தெரியும்.

ஜூன் மாதம் பத்திரிகாசிரியர் ஜம்புநாதன் வந்தார்.

"மூணு மாசமா கடைசிப் பக்கம் காலி, ஓய். போன தடவை ஒருத்தர், 'இந்த மாசம் பின்வாசல் நன்னாயிருந்தது'ன்னார். காலிப் பக்கத்தை! ஆகஸ்டுக்குள்ள ஒண்ணு எழுதிக் கொடும். இல்லேன்னா கோவிந்தராஜன் கஷாயம் பத்தி எழுதறேங்கறான்."

"எத்தனை கஷாயம்?"

"பதினெட்டு. எழுதியே வெச்சுட்டான்."

கிதியோனுக்குப் பகீரென்றது. அந்தப் பக்கத்தில் மட்டும்தான் ஆக்னஸ் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. அங்கே கஷாயம் கொதித்தால் அவள் எங்கே போவாள்?

மறுநாளே பின்வீட்டுக்குப் போய் மீதிக் கதையைக் கேட்டார்.

"மாமா ரயில் வந்துருச்சுன்னு நெனச்சுப் பெட்டியத் தூக்கிட்டாரு, அண்ணே" என்றாள் ஜுலைகா. "நக்கோ மாமா, ரயில் இல்ல, குக்கர்னு சொன்னேன். உக்காந்துட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் சோறு."

இதே கதையை ஆக்னஸ் சொல்லியிருந்தால் அந்த மனுஷன் காஜிப்பேட்டை வரைக்குமாவது போய்த்தான் திரும்பியிருப்பார். கிதியோன் வீட்டுக்கு வந்து காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வரி வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கை தானாக ஸ்கேலை எடுத்துக் கோடு போட்டிருந்தது. இருபது வருஷப் பழக்கம். சும்மா போட்ட கோட்டை வீணாக்குவானேன் என்று அதைக் கொல்லைப்புறமாக்கினார். பெருங்காய டப்பாவில் ஆக்னஸ் சேர்த்து வைத்திருந்த புடலை விதை ஞாபகம் வந்தது. நாலு குழி, ஒரு பந்தல். உயரம் 180, நீளம் 240. ஓரத்தில் கட்டம் போட்டு, 'வரைந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்திட்டார். 'சரிபார்த்தவர்' என்ற இடத்திலும், வேறு யாரும் இல்லாததால், அவரே போட்டார்.

விதை ஊன்றி, முளைத்து, கொடியும் வீசியாயிற்று. பந்தல் போடும் வேலையை அதே தெருவில் இருந்த உலகநாதனிடம் கொடுத்தார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கை சுத்தம். படத்தை நீட்டிவிட்டு கிதியோன் ஆபீசுக்குப் போனார்.

சாயந்திரம் பஸ் திரும்பும்போது ஜன்னலோரத்தில் ஒருவர், "எந்தப் பாவி இங்க டூரிங் டாக்கீஸ் கட்டறான்?" என்றார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கிதியோனும் பார்த்தார். ஓட்டு வீட்டுக்கு மேலே மூங்கில்கள் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றன. அது யார் வீட்டு ஓடு என்று தெரிய அவருக்கு அரை நிமிஷம் ஆயிற்று.

உலகநாதன் பந்தலடியில் பெருமையோடு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "நூத்தியெம்பது அங்குலம், சார். பதினஞ்சு அடி. ஒரு நூல் பிசகியிருந்தா என் பேரை மாத்துங்க."

"அது சென்டிமீட்டர்வே!"

"எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுத மாட்டோம். எங்க ஆபீஸ்ல எல்லாமே சென்டிமீட்டர் கணக்குதான்."

"எங்க ஒர்க்ஷாப்புல எல்லாமே இஞ்சுக் கணக்கு. முப்பத்திரண்டு வருஷம்."

"புடலங்காய்க்கு எதுக்குய்யா பதினஞ்சடின்னு ஒரு வார்த்தை கேக்கப்பிடாதா?"

உலகநாதன் முகம் வாடிவிட்டது. "ரெண்டு கையெழுத்து இருந்துச்சு, சார். கையெழுத்துப் போட்ட டிராயிங்கக் கேள்வி கேட்டா மெமோ குடுப்பாங்க. ஆட்டுக்குப் பயந்து உசரமா கேக்குறீங்கன்னு நெனச்சேன்." பிறகு, "அறுத்து ஆறடியாக்கிக் குடுத்துடறேன்" என்றார்.

அன்று பிடித்த மழை பத்து நாள் விடவில்லை. மழை விட்டபோது கொடி பாதிப் பந்தல் ஏறிவிட்டது. ஏறுகிற கொடியை அறுக்க உலகநாதனுக்கு மனம் வரவில்லை. காய்ப்பு முடியட்டும் என்றார். கொடி பதினைந்தடியும் ஏறிப் படர்ந்து, ஆகஸ்டில் பிஞ்சு விட்டது. காய் சுருளாமல் நேராக இறங்க நுனியில் கல் கட்ட வேண்டும். தினமும் காலையில் கிதியோன் பல் துலக்குமுன் ஏணியேறிக் கல் கட்டினார். ஹப்சிகுடாவில் வேறு எந்தக் குடும்பஸ்தனும் இந்த வேலை செய்யவில்லை.

சந்து வழியாகப் போகிறவர்கள் நின்றார்கள். "கைக்கு அண்ணே, எதுக்கு இத்தனை உசரம்? பிளேன்ல போறவங்க பறிக்கவா?" என்றாள் ஜுலைகா. கீரைக்காரி, தன் மருமகன் மட்டும் இவ்வளவு வளர்ந்திருந்தால் போலீசில் எடுத்திருப்பார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டு, அந்த மருமகனின் முழு சரித்திரத்தையும் சொல்லிவிட்டுப் போனாள். பால்காரர் தன் மாட்டைப் பற்றிச் சொன்னார். சர்ச்சில் பின்வரிசையில் உட்காரும் ஐவி, முன்வரிசையைப் பற்றிச் சொன்னாள். அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது. திறந்த வாயிலிருந்து ஏதாவது விழத்தான் செய்கிறது. ஏணி மேல் நின்ற கிதியோன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் எழுத உட்கார்ந்தால் மட்டும், 'அப்புறம் சோறு' என்றுதான் முடிந்தது.

ஆகஸ்டு கடைசி ஞாயிறு, தூறலில் ஜம்புநாதன் குடையோடு வந்தார். கஷாயத்துக்கு வழிவிடச் சொல்லத்தான் வந்தார். பந்தலைக் கண்டதும் அதன் அடியிலேயே நின்றுவிட்டார்.

"இதோ பாரும், ஓய். எனக்கும் வருத்தம்தான். ஆனா தலைக்கு மேல வேலை—"

கயிறு அறுந்தது. அரைச் செங்கல் எடைக் கல் குடையைக் கிழித்துக்கொண்டு இறங்கி, அவருடைய இரண்டு செருப்புக்கும் நடுவே உட்கார்ந்தது. ஜம்புநாதன் கிழிசல் வழியாக மேலே பார்த்தார். கல் போன சந்தோஷத்தில் புடலங்காய் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

கிதியோனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. அதை அடக்கமாட்டாமல் வீட்டுக்குள் ஓடி, "ஏட்டி, இதைக் கேட்டியா—" என்று அடுக்களைக்குள் நுழைந்துவிட்டார்.

அடுப்பு அணைந்திருந்தது. அம்மிமேல் ஒரு பல்லி.

கேட்டுக் கேட்டே பழகின மனுஷன். சொல்ல வேண்டிய முறை தமக்கு வந்துவிட்டது என்பது அந்த அடுக்களையில்தான் அவருக்கு உறைத்தது. ஆக்னஸ் விதையிலிருந்தா ஆரம்பிப்பாள்? மாட்டாள். குடையிலிருந்து ஆரம்பிப்பாள். குடை யார் கல்யாணத்துக்கு வாங்கினது, அந்தக் கல்யாணத்தில் யாருக்குக் கோபம் என்று தெருவைச் சுற்றிக்கொண்டுதான் பந்தலடிக்கு வருவாள். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினார். அவளிடம் சொல்லுவதாக நினைத்துக்கொண்டதும் வரிகள் தாமாகவே அவள் மாதிரி வளைந்தன.

ஜம்புநாதன் கிழிந்த குடையோடு முற்றத்தில் காத்திருந்து, நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கத்தில் தோள் குலுங்கிற்று. கடைசி வரியில் முகம் மாறிற்று.

"கயிறு அறுந்ததோட நிறுத்திட்டீரே! என் தலை என்ன ஆச்சு?"

"அது அடுத்த மாசம்."

"நான் உசிரோட இருக்கேன்னாவது ஒரு வரி எழுதும், ஓய். படிக்கிறவா ஆத்துக்கு வந்து துக்கம் விசாரிப்பா."

"அதையும் அடுத்த மாசம் எழுதிக்கலாம்" என்றார் கிதியோன். ஜம்புநாதன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். கோவிந்தராஜனுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனார்.

அக்டோபரில் காய்ப்பு முடிந்தது. உலகநாதன் ரம்பத்தோடு வந்தார்.

"ஆறடியாக்கிடலாமா, சார்? இத்தனை நாள் எனக்குத் தூக்கமே இல்ல. தப்பு தப்புதான்."

"ரம்பத்தைக் கீழ வையும்வே."

கிதியோன் படத்தைத் தேடி எடுத்தார். பேனாவைத் திறந்து, ஓரத்துக் கட்டத்தில், இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒருநாளும் எழுதாததை எழுதினார்: 'அளவுகள் அங்குலத்தில்.' மறுபடி கையெழுத்திட்டு, தேதி போட்டார். 'சரிபார்த்தவர்' கட்டத்தில் இருந்த தம் கையெழுத்தை அடித்துவிட்டு, உலகநாதனிடம் பேனாவைக் கொடுத்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, முழுப் பெயரையும் எழுதினார்.

உயரம் 180. அந்த எண்ணை யாரும் தொடவில்லை.