சத்தமில்லாமல் எழுப்புவது

ஐந்தரைக்கு அவன் எழுந்தான். பால் காய்ச்சினான். மகளுக்கான மாத்திரையை எடுத்து வைத்தான். பிறகு அவள் கட்டிலருகே உட்கார்ந்து, அவள் கண் திறக்கும்வரை உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கும் பூனை மாதிரி வந்துட்டியாப்பா?" என்றாள் அந்த ஒன்பது வயது வாண்டு. "ஸ்கூல் டூர்ல ரெண்டு நாள் தங்கணும். நான் போறேன்."

"அங்க உன்னை யாரு எழுப்புவா?"

"மிஸ் விசில் அடிப்பாங்க. விட்டா நீ என் பைக்குள்ள ஏறி உக்காந்து வருவ!"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு அவள் இதயத்தின் மின்னோட்டம் அடங்கக் கொஞ்சம் கூடுதல் நேரமாகிறது என்று டாக்டர் ஈசிஜி தாளில் காட்டியிருந்தார். தூக்கத்தில் திடீர்ச் சத்தம் கேட்டால் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். அவள் அம்மாவுக்கும் இதுதான் இருந்தது. ஒரு விடியற்காலை அவள் இறந்துபோன பிறகுதான் அது தெரிந்தது. மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுத் தாராளமாக அனுப்புங்கள் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

மகள் அனுமதிப் படிவத்தை நீட்டினாள். பேனா கையிலேயே நின்றது. மனைவி கடைசியாகக் கேட்டதும் சின்ன விஷயம்தான். யோசிக்காமல் செய்து கொடுத்தான்.

"நாளைக்குச் சீக்கிரம் போகணும், அலாரத்தைக் கொஞ்சம் சத்தமா வெச்சுடுங்க."