காலையில் மட்டும் நடுங்கிய கார்

1999 மார்கழியில் ஆரணிப் பட்டுப்புடவை வியாபாரி வேணுகோபாலின் கார் காலை வேளைகளில் மட்டும் அடம்பிடிக்கத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் ஏழெட்டு முறை உறுமிவிட்டு அடங்கும். ஒருவழியாகக் கிளம்பினாலும் குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும். பத்து நிமிடம் ஓடிச் சூடேறிவிட்டாலோ ஒரு குறையும் இருக்காது.

வாரம் ஒருமுறை மாமனாரைக் கண் சிகிச்சைக்காக வேலூருக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அப்படிப் போன ஒரு விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டுத் திருப்பத்தில் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் ஒரு முழ தூரத்தில் பிரேக் அடித்து நின்றது. பெரியவர் பயந்துபோய்க் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

அன்றே வேணுகோபாலுக்கு மெக்கானிக் சார்லியின் மேல் சந்தேகம் விழுந்தது. கார்த்திகையில் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தவன் அவன்தான். மூன்று முறை வண்டியை அவனிடம் கொண்டுபோனார். ஊரைத் தாண்டி அவன் பட்டறையை அடைவதற்குள் இஞ்சின் சூடாகிவிடும். சார்லி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான ஓடுதுண்ணா" என்பான்.

"பொய் சொல்றான் திலகா" என்றார் மனைவி திலகவதியிடம். "நல்ல பார்ட்ட உருவிட்டு எதையோ பழச மாட்டி வுட்டுருக்கான்."

"பதினோரு வருசமா நம்ம வண்டிய பார்க்கறவருங்க அவரு."

"அதான். பழகினவன்தான் தைரியமா கை வெப்பான்."

ஜரிகையில் கலப்பு இருந்தால் விரலால் தடவியே சொல்லிவிடுவார் வேணுகோபால். இஞ்சினுக்குள் அப்படித் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததே அவருக்கு எரிச்சலூட்டியது. மூன்றாம் முறை பட்டறைக்குப் போகுமுன் திலகவதியின் நெயில் பாலிஷை எடுத்து பேட்டரியிலும் காயிலிலும் கார்பரேட்டரிலும் சிவப்புப் புள்ளி வைத்தார். வண்டி திரும்பி வந்தபோது புள்ளிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. அதுவும் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. எடுக்கவேண்டியதை முன்பே எடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

போளூரில் வேறொரு மெக்கானிக்கிடம் போனார். அவன் பானெட்டைத் திறந்ததும், "யாருங்க இதுல கை வெச்சது?" என்று உதட்டைப் பிதுக்கினான். வேணுகோபாலுக்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அவன் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினான். மறுநாள் காலை வண்டி அதேபோல உதறியது. அதற்குள் வேணுகோபால், டூரிஸ்ட் வேன் வைத்திருக்கும் நண்பர் ஜெகநாதனிடம், "சார்லி திருட்டுப்பய. உன் வண்டிய அவன்கிட்ட வுடாத" என்று சொல்லியிருந்தார். ஜெகநாதனின் வேன் அந்தப் பட்டறைப் பக்கம் போவதை நிறுத்தியது.

போளூர் போய்வந்த நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு சார்லி சைக்கிளில் வந்து வாசலில் நின்றான்.

"வண்டிய யாரும் ஸ்டார்ட் பண்ணலையே? இது ஜில்லுனு இருக்கும்போது நான் பார்த்ததே இல்லண்ணா. முன்னாடியே வந்து பார்த்திருக்கணும்."

வேணுகோபால் டார்ச்சை எடுத்துவந்து அவன் பக்கத்திலேயே நின்றார். வெளிச்சம் இஞ்சினைவிட சார்லியின் கைகளின் மேல்தான் அதிகம் விழுந்தது. கார்பரேட்டரின் மேல் இருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

"இது இன்னாண்ணா?"

வேணுகோபால் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"என்னோட நெயில் பாலிஷ்" என்றாள் திலகவதி, கணவரை முறைத்தபடி.

சார்லிக்குப் புரிந்துவிட்டது. கைகளை வெகுநேரம் துணியில் துடைத்தான். பிறகு ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டு, "அண்ணி, உள்ள உக்காந்து சோக்கை இழுங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றான்.

"இழுத்துட்டேன்."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

சோக் கம்பியின் இழுப்பில், கார்பரேட்டரின் வாயில் இருந்த சிறு தகடு பாதி மூடி அங்கேயே நின்றது. சார்லி அதை விரலால் அழுத்தி முழுவதும் மூடினான். "இப்போ ஸ்டார்ட் பண்ணுங்க."

ஒரே திருப்பில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"ஜில்லுனு இருக்கும்போது காத்து கம்மியா, பெட்ரோல் ஜாஸ்தியா போவணும். அதுக்குத்தான் இந்தத் தகடு. பாதிதான் மூடுது, அதான் ஒதறுது. சூடாயிட்டா இதுக்கு வேலையே இல்ல." குனிந்து சோக் கம்பியைப் பிடித்திருந்த சிறு ஸ்குருவை அசைத்துப் பார்த்தான். கம்பி நழுவியது. நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"இந்த ஸ்குருவ கழட்டி மாட்டினது நான்தான். சரியா முறுக்கல. என் தப்புண்ணா."

இதிலும் ஏதோ சூது இருக்குமென்று வேணுகோபாலின் மனம் தேடியது. "போளூர்க்காரன் மேல போட்டிருக்கலாமே நீ?"

"அவன் இதைத் தொடவே இல்ல. பாருங்க, தூசி அப்படியே கீது." ஸ்குருவை முறுக்கிவிட்டு சார்லி அவரை நேராகப் பார்த்தான். "வேலைல தப்பு பண்ணிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கோங்க. திருடன்னு சொல்லாதீங்க. எங்க சர்ச் சபைல வரைக்கும் அந்தப் பேச்சு வந்துடுச்சு."

வேணுகோபால் டார்ச்சை அணைத்தார். "காபி சாப்பிட்டுப் போ" என்றார். சார்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் பனி கொட்டும் விடியலில் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. வேலூரிலிருந்து திரும்பியதும் வேணுகோபால் நேராக ஜெகநாதனிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார்.

ஜெகநாதன் சிரித்தார். "அவனே லூஸ் பண்ணி வெச்சுட்டு அவனே வந்து முறுக்கிட்டுப் போறான். இதை நம்பிகினு வந்துட்டியா?"

"இல்லப்பா, நான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன். அவனா வந்து தப்ப ஒத்துக்கினான்."

"ஒத்துக்கினா வுட்டுடுவன்னு அவனுக்குத் தெரியும்."

போன வாரம் தாமே பேசியிருக்கக்கூடிய பேச்சு அது. அரை மணி நேரம் வாதாடிப் பார்த்தார். பொங்கலுக்குப் பிறகு திலகவதியையும் அழைத்துப்போய் மறுபடி சொன்னார். ஜெகநாதன் அசையவில்லை.

வேணுகோபாலின் காரை அதன்பிறகும் சார்லிதான் பார்த்தான். வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் பழையபடி உட்கார்ந்து பேசுவதில்லை. ஜெகநாதனின் வேன் சர்வீஸுக்காகக் கடைத்தெரு வழியாகப் போளூருக்குப் போகும் நாட்களில், வேணுகோபால் கல்லாவிலிருந்து எழுந்து கடையின் உள்ளறைக்குப் போய்விடுவார்.