சருகுப் புழுவும் பொன்னுத்துரையின் கடலையும்

சிவனம்மாளின் சருகுக் குவியலைக் கொளுத்தியே தீருவது என்று பொன்னுத்துரை முடிவு கட்டிவிட்டார். குஜிலியம்பாறைப் பக்கம் அறுபது ஏக்கர் மானாவாரிக் கடலை போட்டவர். பஞ்சாயத்துத் தலைவர் வேறு. தெரியாது என்ற வார்த்தையே அவர் வாயில் வராது.

போன வருஷம், 1957இல், கம்பளிப்புழு ஊர்க் கடலையை மொட்டையடித்திருந்தது. இந்த வருஷம் கடலை இலை விட்ட நேரத்தில் பெருமழை பெய்தது. மறுநாள் சிவனம்மாள் புங்கஞ்சருகைக் கிளறியபோது பழுப்புப் பூச்சிகள் பறந்தன. அடியில் புழு நெளிந்தது. அது போதாதா அவருக்கு?

"ஊருக்கே நீதான் புழு வளக்குறியா? நாளைக்குத் தீ வைக்கிறேன்."

"ஒரு வருசமாப் பொறுக்குன சருகுய்யா. என் முக்கா ஏக்கருக்கு வேற எரு ஏது? கம்பளிப்புழுவுக்கு மேலெல்லாம் மயிரு இருக்கும். இதுக்கு எங்க இருக்கு?"

"வளந்தா மொளைக்கும்."

"உங்களுக்கு மீச மொளச்ச மாதிரியா?"

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டம் சிரித்துவிட்டது. வேறு வழியில்லாமல், அந்தப் புழு கடலையைத் தின்னாது என்று காட்ட அவளுக்குப் பத்து நாள் தவணை கொடுத்தார்.

சிவனம்மாள் சாவடியில் எல்லோரும் பார்க்க இரண்டு சட்டி வைத்தாள். ஒன்றில் பச்சைக் கடலை இலை, மற்றதில் சருகு. இரண்டிலும் பத்துப் பத்துப் புழு விட்டு, துணியால் வாயைக் கட்டினாள்.

பொன்னுத்துரை சும்மா இருப்பாரா? மழை பெய்தால் சாயங்காலம் வரப்புகளில் தீ மூட்டுவது ஊர் வழக்கம். கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சி அதில் வந்து விழுந்து சாகும். அதற்காகத் தன் வயலுக்குச் சேர்த்திருந்த விறகு முழுவதையும் வண்டியில் ஏற்றி, தவணை முடிந்ததும் கொளுத்தச் சருகைச் சுற்றி அடுக்கி, காவலும் போட்டார். அவர் வரப்பில் ஒரு தீக்குச்சிகூட எரியவில்லை.

பச்சை இலைச் சட்டியில் நான்காம் நாளே புழு சுருண்டு செத்தது. இலையில் ஓட்டையே இல்லை. மற்றதில் சருகு வெறும் நரம்பானது. தின்று முடித்த புழுக்கள் இரண்டிரண்டு சருகை நூலால் ஒட்டி உள்ளே படுத்துக்கொண்டன. பத்தாம் நாள் பழுப்புப் பூச்சிகளாக வெளியே வந்து, மறுபடி சருகிலேயே முட்டையிட்டன. பூச்சியின் முகத்தில் மூக்குப்போல ஒன்று முன்னால் நீண்டிருந்தது.

"ஏலே, தலைவரு மூக்கு மாதிரியே எல்லாத்துலயும் நுழையுதுடா!" என்றான் சட்டியை எட்டிப் பார்த்த ஊர்க்காரன் சடையாண்டி.

தலைவர் அங்கே இல்லை. அவருடைய வரப்பு மண்ணிலிருந்து கிளம்பிய தாய்ப்பூச்சிகள் நிம்மதியாக முட்டையிட்டதில், கடலை முழுக்கப் புழுவாகியிருந்தது. இனியாவது வரப்பில் தீ மூட்டலாம் என்று விறகைத் திரும்ப எடுக்க ஓடிவந்தார். சிவனம்மாள் சருகை வண்டியில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வெறக நீங்களே எடுத்துக்கங்க. உங்க வயல்ல உள்ளதுக்கு மயிரு இருக்கான்னு பாத்துட்டீகளா?"