முத்துவேல் மண்டியின் முதல் பக்கம்

சுகுமாரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மறந்துவிடு, மன்னித்துவிடு என்று சொல்கிறவர்கள் யாரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கற்றதில்லை.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் வரதன் சார் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். வெப் டிசைன் வகுப்பில் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். எனக்கு வாய்த்த ஜோடி சுகுமார், சாரின் அக்கா மகன். கீபோர்டு என் கையில், கொட்டாவி அவன் வாயில். முதல் நாள் நோட்பேடில் நாலு வரி தட்டி, 'ஷப்ரீன்' என்ற என் பெயர் திரையில் பெரிதாக வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

படிப்பு முடிகிற சமயத்தில் சார் ஒன்று சொன்னார். முத்துவேல் அரிசி மண்டிக்கு யார் நல்ல வெப் பக்கம் செய்கிறார்களோ, அவர்களுக்குச் சென்டரிலேயே வேலை. அந்த வேலை எனக்கு வேண்டும். என் அத்தா மக்பூல் பாத்திரக்கடைக்காரர். "பெருநாளுக்குள்ள வேலை கெடச்சா சரி. இல்லன்னா வாலாஜா மாப்பிள்ளை வூட்டுக்கு சரின்னு சொல்லிடுவேன்" என்று கெடு வைத்திருந்தார்.

அப்போதெல்லாம் தமிழ் எழுத்து ஒரு கம்ப்யூட்டரில் ஒழுங்காகத் தெரியும், இன்னொன்றில் வெறும் கட்டமாகத் தெரியும். அதனால் தமிழில் வர வேண்டியதையெல்லாம் படமாக்கித்தான் பக்கத்தில் ஒட்டுவோம். மண்டியின் பெயர், பொன்னி, சீரகச் சம்பா, விலாசம் எல்லாமே படங்கள். இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த ஓர் இடத்தில் அவற்றைப் போட்டு வைத்தேன். பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும்.

வேலை சுகுமாருக்குப் போனது. ஜெயித்த பக்கத்தைச் சார் திறந்து காட்டினார். ஓரத்து நெற்கதிர், பச்சை நிறம், எல்லாம் என்னுடையது. கீழே மட்டும் அவன் பெயர்.

"சார், அது நான் பண்ணது."

"ரெண்டு பேரும் ஒரே மெஷின்லதானே கீறீங்க, ஒண்ணாத்தான் இருக்கும். நீ இன்னாம்மா, நாளைக்கு கண்ணாலம் பண்ணிக்கினு பூடுவே. அவன் ஆம்பளப் புள்ள, பொழைக்கணும்."

சுகுமார் என்னைப் பார்த்துச் சிரித்தான். நாலு பேர் முன்னால் இவனைத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன்.

மறுநாள் அவன் பக்கத்தைத் திறந்து, அதன் பின்னால் இருக்கும் புரோகிராம் வரிகளைப் பார்த்தேன். முட்டாள், நான் எழுதியதை வரி மாறாமல் காப்பியடித்திருந்தான். படங்களை எடுக்கத் தெரியவில்லை. அவன் பக்கம் திறக்கும்போதெல்லாம் ஒவ்வொரு படமும் என் இடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அங்கே நான் எதை வைக்கிறேனோ அதுதான் அவன் பக்கத்தில் தெரியும்.

விஜயதசமி அன்று மண்டியில் பக்கத்தைத் திறப்பதாக ஏற்பாடு. முந்தின நாள், ஜாக்கெட் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிக் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அதே பெயர்களில் வேறு படங்களைப் போட்டுவிட்டு வந்தேன். பழையவை என் பிளாப்பியில் மட்டும் இருந்தன.

மண்டியில் புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். நெல் வியாபாரிகளும் எங்கள் வகுப்பும் சுற்றி நின்றோம். சுகுமார் புதுச் சட்டையில் வந்து மவுஸைப் பிடித்தான். பக்கம் மெல்ல மெல்ல மேலிருந்து இறங்கியது. மண்டியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கொட்டை எழுத்தில், 'இதைச் செய்தவள் ஷப்ரீன், பாத்திரக்கடை மக்பூல் மகள்.' பொன்னி இருந்த இடத்தில், 'திருடியவன் சுகுமார்.' சீரகச் சம்பாவுக்குப் பதில், 'திருட்டுக்கு வேலை கொடுத்தவர் வரதன்.'

முத்துவேல் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். "இன்னாய்யா வரதா, உங்க பஞ்சாயத்துக்கு என் மண்டிதான் கெடச்சுதா?" கூட்டம் சிரித்தது. சுகுமார் மானிட்டரை அணைப்பதற்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள்.

சாயங்காலமே வரதன் சார் எங்கள் கடைக்கு ஓடிவந்தார். "மக்பூல் பாய், வேலைய உங்க பொண்ணுக்கே குடுத்துடறேன். பழைய படத்த போடச் சொல்லுங்க. முத்துவேல் கத்திக்கினு கீறாரு."

அத்தா என்னைப் பார்த்தார்.

"சுகுமாரு?" என்றேன்.

"அவன் சீனியரா இருக்கட்டும்மா. எங்க அக்கா பேஜார் பண்ணுது. நீ அவனுக்குக் கீய இரு."

சரி என்று தலையாட்டி, பிளாப்பியை எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போனேன். அத்தாவும் வந்தார். மாமனும் மருமகனும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். என் இடத்திலிருந்த அத்தனை படங்களையும் அழித்தேன். பிளாப்பியிலிருந்ததையும் விடவில்லை. பிறகு பக்கத்தைத் திறந்து காட்டினேன். வரிசையாகக் காலிக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

"இப்ப இது மொத்தமும் சுகுமாரோடதுதான் சார். என்னுது ஒண்ணுகூட இல்ல."

"டேய், எதனா பண்ணுடா!" என்று சார் கத்தினார். சுகுமார் உட்கார்ந்தான். மவுஸை இங்கும் அங்கும் நகர்த்தினான். முகம் வெளிறி, கண் கலங்கிவிட்டது. நான் அவசரப்படாமல் நின்று பார்த்தேன்.

படியிறங்கும்போது அத்தா, "வந்த வேலைய ஒதச்சுட்டியே. வாலாஜாவுக்கு சொல்லி அனுப்பவா?" என்றார்.

"அனுப்புங்க அத்தா."

பெருநாள் முடிந்ததும் நிக்காஹ். அந்த வேலைக்காக எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சாயங்காலம் அவன் மூஞ்சி இருந்த இருப்புக்கு, திரும்பவும் அதையேதான் செய்வேன்.