எட்டாவது போல்ட்

காருக்குள் ஒரு விசில் சத்தம் புகுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சிக்னலில் நின்றால் இன்ஜின் மாடிப்படி ஏறி வந்த ஆளைப் போல ஏறி இறங்கி இரைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பானெட்டைத் தூக்கி, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை இன்ஜினைச் சுற்றி மெல்ல நகர்த்தினேன். நான்காவது சிலிண்டர் பக்கம் வந்ததும் விசில் காதைத் துளைத்தது. ஆள் அகப்பட்டுவிட்டான்: இன்டேக் மேனிஃபோல்டு.

பெயர்தான் பெரியது. விரித்த கை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்கு வரும் காற்றை நான்கு விரல்களும் நான்கு சிலிண்டருக்குப் பங்கு வைக்கின்றன. எவ்வளவு காற்று வருகிறது என்று வாசலிலேயே ஒரு சென்சார் அளந்து சொல்லும். அதற்கேற்ற பெட்ரோல்தான் தெளிக்கப்படும். விரல் நுனி இன்ஜினோடு சேரும் இடத்தில், இடுக்கில் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் சப்பிப்போனால், வாசலுக்கு வராத காற்று கொல்லைப்புறமாக நுழையும். சமைத்தது நாலு பேருக்கு, பந்தியில் உட்கார்ந்திருப்பது ஐந்து பேர். இன்ஜின் தடுமாறாமல் என்ன செய்யும்?

எனக்கு அன்று இன்னொரு வேலையும் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் என் மைத்துனனின் படிவம் கிடந்தது. நான் லிஃப்ட் பராமரிக்கிறவன். மனைவியின் தம்பி எங்கள் கம்பெனிக்கே மனுப் போட்டிருந்தான். உள்ளே வேலை பார்க்கும் ஒருவர், 'இவரை நம்பலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் கடைசி நாள். லிஃப்ட் வேலையில், இறுக்காத போல்ட்டை இறுக்கியதாக ஒருவன் எழுதிவைத்தால் பத்தாவது மாடியில் இன்னொருவன் உயிர் ஊசலாடும். அதனால் நான் எளிதில் கையெழுத்துப் போடுகிறவனில்லை. மைத்துனன் மாலை நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான்.

இந்தக் காரை மூன்று வருடத்துக்கு முன் எங்களுக்குக் கொடுத்தவனும் அவன்தான். "இன்ஜின்ல ஒருத்தர் கை பட்டதில்ல மாமா. கம்பெனியில பூட்டினது பூட்டினபடி இருக்கு" என்று அன்று சொன்னான்.

பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டேன். குழாயில் அழுத்தம் இருந்தால் கழற்றும்போது பெட்ரோல் முகத்தில் அடிக்கும். பிறகு பேட்டரி வயரைக் கழற்றி, சூடு ஆறக் காத்திருந்தேன். ஒவ்வொரு குழாயிலும் காகித டேப் ஒட்டி எண் எழுதினேன். ஒரு அட்டைப்பெட்டி மூடியில் மேனிஃபோல்டின் உருவத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடங்களில் ஓட்டை போட்டுக்கொண்டேன். கழற்றுகிற போல்ட்டை அதன் ஓட்டையிலேயே குத்திவைத்தால் எது எங்கே என்ற குழப்பமே வராது.

முதல் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கப்போனவன் நின்றுவிட்டேன். அதன் தலையில், பாதி போல்ட்டிலும் பாதி அலுமினியத்திலுமாக, ஒரு மெரூன் புள்ளி. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். நாங்களும் லிஃப்டில் இப்படித்தான் செய்வோம்: இறுக்கியபின் ஒரு கோடு போட்டுவிட்டால், பிறகு போல்ட் அசைந்ததா என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். கம்பெனியில் போட்டதாக இருந்தால் இன்ஜினின் மற்ற போல்ட்களிலும் இருக்க வேண்டும். இல்லை. இதை யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள்.

ஒருத்தர் கை பட்டதில்லையாமே!

ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினேன். ஏழு போல்ட் வந்தது. மேனிஃபோல்டு மட்டும் அசையவில்லை. தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இழுக்காதீங்க, உடைஞ்சிடும். பின்னாடி கீழ இன்னொண்ணு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கைய விட்டுத் தடவிப் பாருங்க."

தடவினேன். இருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எதுவுமே ஒண்ணு ஒளிஞ்சுதானே இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சொம்பை மறந்து உள்ளே போய்விட்டாள். கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிறவளுக்குக் கார் இன்ஜினின் முதுகுப்புறம் எப்படித் தெரியும்? தம்பி சொல்லியிருப்பான். அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் இந்த ஓட்டை வண்டியை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அந்த எட்டாவதைக் கழற்றுவதற்குள் இரண்டு விரல் முட்டியில் தோல் போயிற்று. மேனிஃபோல்டைத் தூக்கியதும், அடியில் ஒரு ரப்பர் குழாய் மட்டும் மற்றவற்றைவிடப் புதிதாக மின்னியது. இன்ஜினில் திறந்து கிடந்த நான்கு துளைகளிலும் பழைய பனியன் துணியைச் சுருட்டி அடைத்தேன். ஒரு நட்டு உள்ளே விழுந்தாலும் இன்ஜின் கதை முடிந்தது. நான்கு துணி என்று அட்டையில் எழுதியும் வைத்தேன். எண்ணி வைக்காதவன்தான் ஒன்றை உள்ளேயே விட்டுப் பூட்டுவான்.

கை கழுவப் போனபோது, சமையலறையில் மனைவி போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வராதடா. கழட்டிட்டாரு... ஆமாடா, முழுசா."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? கையெழுத்து இல்லை என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன்.

பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்த இடத்தை பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாகச் சுத்தம் செய்தேன். இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த விசிலுக்கு வழி. புதுக் கேஸ்கெட்டைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வராதே என்று சொல்லப்பட்டவன் சரியாக நாலு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான்.

"என்ன மாமா, பிரேதப் பரிசோதனையா?"

"ஆமா மாப்ள. கொன்னது யாருன்னு தெரியணும். இதை முன்னாடி திறந்தது யாரு?"

அவன் கண் என்னைத் தாண்டி ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. ஒரு நொடிதான்.

"நான்தான் மாமா. கொடுக்கிறதுக்கு முன்னாடி."

"அப்ப கை பட்டதில்லன்னு சொன்னது?"

"பொய்தான்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவனைப் பார்த்ததும் சந்தேகம் தீரவில்லை, கூடியது. அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"மொத்தம் எத்தனை போல்ட்?"

"ஆறு..." என் முகத்தைப் பார்த்தான். "ஆறு இருக்கும்."

எட்டாவதில் முட்டியைத் தேய்த்துக்கொண்ட எவனும் அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டான். இவன் இதைத் திறந்ததே இல்லை. செய்யாத தப்பை எதற்குத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறான்?

வியர்வை வழிந்து பார்வை மங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தேன். எனக்குக் கிட்டப்பார்வை, தூரம்தான் தெரியாது, கைக்கருகில் இருப்பது நன்றாகத் தெரியும். காது பக்கம் மடியும் இடத்தில், கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூவின் தலையில் ஒரு மெரூன் புள்ளி.

போன வாரம் அது லொடலொடத்தபோது, என் மனைவி கைப்பையைத் திறந்து சரிசெய்து கொடுத்தாள். கண்ணாடி ஸ்க்ரூ மறுபடி தளராமலிருக்க நகப்பாலிஷ் ஒரு சொட்டு வைப்பது அவள் கடைப் பழக்கம். நகத்துக்கு அதை ஒருநாளும் போடாதவளின் பையில் எப்போதும் ஒரு புட்டி இருக்கும்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவளே வெளியே வந்துவிட்டாள்.

"அவனை விடுங்க. திறந்தது நான்தான். நீங்க வெளியூர்ல நாலு மாசம் லிஃப்ட் மாட்டப் போனீங்கல்ல, அப்ப. அடியில குழாய் வெடிச்சிருந்தது, இதைக் கழட்டாம கை போகல. கேஸ்கெட் கடையில இல்லன்னாங்க, பழசையே போட்டேன். அதான் இப்ப கத்துது."

"ஏன் சொல்லல?"

"கிளம்பும்போது என்ன சொன்னீங்க? நான் வர்ற வரைக்கும் பானெட்டை யாரும் தொடக்கூடாதுன்னு. வந்து ஓட்டிப் பாத்துட்டு என்ன சொன்னீங்க? 'என் கை பட்டதும் வண்டி எப்படி ஓடுது பாத்தியா'ன்னு. அதுக்கப்புறம் நான் எந்த வாயால சொல்றது?"

மைத்துனன் வானத்தைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது.

"சிரிக்காத. அக்காவுக்காகப் பொய் சொன்னியே, நாளைக்கு லிஃப்ட்ல யாருக்காகவாவது சொல்லமாட்டியா?"

"அக்காவுக்கு மட்டும்தான் மாமா. அவ லிஃப்ட் வேலைக்கு வரமாட்டா."

"வந்தாலும் வருவா, யார் கண்டா" என்றேன். அவள் அதற்குள் புடவை முந்தானையைச் செருகிக்கொண்டிருந்தாள்.

நான்கு துணியையும் எண்ணி எடுத்தோம். மைத்துனனையே உரக்க எண்ணச் சொன்னேன். புதுக் கேஸ்கெட்டை எண்ணெயோ பசையோ தடவாமல் வைத்து, மேனிஃபோல்டை இறக்கினேன். எட்டாவது போல்ட்டை அவள் வைத்தாள். சின்னக் கை, ஒரு கீறல் இல்லை. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை எடுத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு, முதலில் பாதி இறுக்கம், மறுசுற்றில் முழு இறுக்கம். ஒரு முனையிலேயே இறுக்கிக்கொண்டு போனால் மறுமுனை வாய் பிளந்துகொள்ளும். குழாய்களை எண் பார்த்து மாட்டி, பேட்டரியையும் ஃபியூஸையும் சேர்த்துச் சாவியைத் திருப்பினேன். குழாயைக் காதில் வைத்து இரண்டு தடவை சுற்றி வந்தேன். விசில் இல்லை. மூன்றாவது தடவையும் சுற்றினேன்.

"போதுங்க, அது திருந்திடுச்சு" என்று சொல்லி, அவள் புட்டியைத் திறந்து ஒவ்வொரு போல்ட்டிலும் புள்ளி வைத்தாள்.

கையைக்கூடக் கழுவாமல் படிவத்தை இழுத்தேன். கையெழுத்தைப் போட்டு, 'கூடுதலாகச் சொல்ல விரும்புவது' என்ற இடத்தில் எழுதினேன்: 'இவருக்குப் பொய் சொல்ல வராது. முயன்றாலும் அகப்பட்டுக்கொள்வார்.'

மைத்துனன் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

"மாமா, இதப் படிச்சா வேலை குடுப்பாங்களா?"

"அதுக்குத்தான் குடுப்பாங்க. போல்ட் எத்தனை?"

"எட்டு" என்றான். அக்காவைப் பார்க்காமலேயே.